எத்தனை பந்து போட்டான்?

கிரிக்கெட் அகாடமி வேலியோரம் நிற்கும் அப்பாக்களிடம் "பையன் என்ன வேகத்துல போடுறான்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். இந்த வாரம் மொத்தம் எத்தனை பந்து போட்டான் என்று கேட்டால் முழிப்பார்கள். பையனின் முதுகைக் காப்பாற்றப் போவது இந்த இரண்டாவது கணக்குதான் என்பது என் கட்சி.

14, 15 வயதில் பிள்ளைகள் மளமளவென்று உயர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கீழ்முதுகு எலும்பு முழுசாக இறுக இன்னும் பல வருடம் ஆகும். வேகப்பந்து போடுபவன் முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நேரம் உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டும் திரும்புகிறது. ஒரு பந்தில் ஒன்றும் ஆகாது. ஆற நேரம் கொடுக்காமல் அதே எலும்பில் அடி விழுந்துகொண்டே இருந்தால் மயிரிழை விரிசல் விடும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது இதுதான். வலது கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வரும்.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011இல் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார், ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். அடுத்த டெஸ்ட் 2017இல், ராஞ்சியில். இடையில் போன வருடங்களில் பெரும்பகுதியை முதுகு தின்றது. டாக்டர், பிசியோ, ஸ்கேன் என்று எல்லாம் கையருகில் இருந்தவருக்கே அந்த நிலை.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதலில் 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (தொடர்ந்து போடும் ஒரு சுற்றுக்கு) 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர் என்று வரம்பு உண்டு. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007லிருந்து பந்தையே எண்ணுகிறது: 11, 12 வயதுக்காரன் நாளுக்கு 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது, 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு.

நம் ஊரில் பள்ளி டீம், அகாடமி நெட்ஸ் (வலைப் பயிற்சி), கிளப் லீக், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் எல்லாவற்றிலும் ஒரே பையன்தான் ஓடி வந்து போடுகிறான். "நாங்க நாலு ஓவர்தான் கொடுத்தோம்" என்று ஒவ்வொரு கோச்சும் சொல்வார். பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிற இடம் வீடு மட்டும்தான். ஒரு நோட்டு போடுங்கள், நெட்ஸ் பந்தையும் சேர்த்து எழுதுங்கள். போன வாரத்தைவிட எண்ணிக்கை சட்டென்று எகிறினால், பரீட்சை லீவு முடிந்து வந்தவுடனே முழு வேகத்தில் போடச் சொன்னால், நீங்களே கோச்சிடம் பேசுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

"நாங்கல்லாம் நாள் பூரா போட்டோமே, என்ன ஆச்சு?" என்று ஒரு சித்தப்பா கட்டாயம் கமென்ட்டில் வருவார். சித்தப்பா, நீங்கள் நாலு எட்டு வைத்து டென்னிஸ் பால் போட்டீர்கள். வலித்தால் மரத்தடியில் உட்கார்ந்தீர்கள். செலக்‌ஷன் போய்விடும் என்று யாரும் மிரட்டவில்லை.

அப்புறம் ஒன்று. பந்து போடும்போது கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்று பையன் சொன்னால், ஸ்ப்ரே அடித்து அனுப்பாதீர்கள். பவுலிங்கை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, எம்ஆர்ஐ தேவையா என்று நீங்களே கேளுங்கள்.