ஒரு கிராம் என்றால் எவ்வளவு?

என் பெரியம்மா திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார். சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். உள்ளே வைக்கிற லென்ஸுக்குக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டியிருந்தது. நான் புரட்டித் தருகிறேன் என்று சொன்னதற்கு, "நீ எதுக்குத்தா அலையணும்? என்கிட்ட ஒம்பது கிராம் இருக்கு. வெச்சுப் பணம் வாங்கிக்கலாம்" என்றார்.

பீரோவைத் திறந்து ஒன்பது டப்பாக்களை எடுத்துக் கட்டில் மேல் அடுக்கினார். சிவப்பு வெல்வெட் டப்பாக்கள். ஒரு ஆரம், இரண்டு வளையல் செட், ஜிமிக்கி, முறுக்குச் செயின், இன்னும் சில. எல்லாமே டிவி பார்த்து போனில் ஆர்டர் செய்தவை. எல்லா டப்பாவின் மேலும் ‘ஒன் கிராம் கோல்டு’ என்று எழுதியிருந்தது. ஒரு டப்பாவுக்கு ஒரு கிராம், ஒன்பது டப்பாவுக்கு ஒன்பது கிராம், அதாவது ஒரு பவுனும் ஒரு கிராமும் என்பது பெரியம்மாவின் கணக்கு.

இதைப் படிக்கிற சிலர் உடனே, இது கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அவர் அதிகம் வாங்கியது 2018, 2019-ல். அப்போது 22 காரட் தங்கம் ஒரு கிராம் மூவாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. டிவியில் அந்தச் செட்களின் விலை 2,999 அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பின். ஒரு கிராம் தங்கம், ஒரு கிராமின் விலை. அடிமாட்டு விலைக்கு யாராவது தங்கம் கொடுத்திருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். விலை ஏறத்தாழச் சரியாக இருந்ததால்தான் நம்பினார். சீட்டுப் போடுகிற மாதிரி, பென்ஷனில் மிச்சம் பிடித்து, நாலைந்து மாதத்துக்கு ஒரு டப்பா வாங்கியிருக்கிறார். ஒன்றைக்கூடப் போட்டு வெளியே போனதில்லை. எல்லாம் சேமிப்பு.

அடகுக்கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு வளையலை எடுத்துக் கல்லில் உரசி, அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். கோடு பச்சையாக நுரைத்துக் காணாமல் போனது. "அம்மா, இது கவரிங்" என்றார். பெரியம்மா, "கவரிங் இல்லப்பா, ஒரு கிராம்" என்றார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு கிராம்னாலே கவரிங்தான்மா" என்றார்.

அந்த ஒரு வரியை இன்னும் என்னால் தாண்டி வர முடியவில்லை. எனக்கு அது தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு வளையலின் சுற்றளவு சுமார் 20 சென்டிமீட்டர், அகலம் அரை சென்டிமீட்டர். உள்பக்கம், வெளிப்பக்கம், ஓரம் எல்லாம் சேர்த்து 22 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு வளையலுக்கு 88. அதன் மேல் அரை மைக்ரான் கனத்துக்குத் தங்க முலாம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தங்கத்தின் அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டரின் எடை, 19.3 கிராம். பெருக்கிப் பார்த்தால் நான்கு வளையலிலும் சேர்த்து 0.085 கிராம் தங்கம் வருகிறது. கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் பித்தளையோ செம்போ. அந்த முலாமையும் யாரும் சுரண்டி எடுத்து விலைக்கு வாங்கப் போவதில்லை.

கவரிங் நகையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே போடுகிறேன். பஸ்ஸில் போகும்போதும் ஊர்த் திருவிழாக்களிலும் அதுதான் பாதுகாப்பு. சிதம்பரம் கவரிங் என்று எத்தனை தலைமுறையாக நம் பெண்கள் வாங்கியிருக்கிறார்கள்! அதை வாங்கி யாரும் ஏமாந்ததில்லை, ஏனென்றால் அந்தப் பெயரிலேயே உண்மை இருக்கிறது. மேலே மூடியிருக்கிறது, அவ்வளவுதான். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கறுத்துப்போனால் மறுபடி முலாம் போட்டுக்கொள்வார்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகையும் அப்படித்தான். வெள்ளியில் செய்து, தங்க ரேக்கு ஒட்டி, சிவப்புக் கெம்புக் கல் பதிப்பார்கள். அது முழுத் தங்கம் என்று அவர்கள் சொல்வதில்லை. அந்த வேலைப்பாட்டுக்குத்தான் விலை.

டிவி அந்த நல்ல சொல்லை எடுத்துவிட்டது. ஒரு மணி நேர நிகழ்ச்சியை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். ‘கவரிங்’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ‘ஒன் கிராம் கோல்டு’, ‘மைக்ரோ பிளேட்டிங்’, ‘கோல்டு ஃபினிஷ்’, ‘ஐம்பொன்’ என்றுதான் வருகிறது. எல்லாவற்றிலும் தங்கமோ பொன்னோ ஒலிக்கிறது, அல்லது யாருக்கும் புரியாத ஒரு தொழில்நுட்பம் ஒலிக்கிறது. கல்லுக்கும் இதே கதைதான். ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்பது க்யூபிக் சிர்கோனியா, 1970-களின் பிற்பகுதியிலிருந்து சந்தைக்கு வந்த செயற்கைக் கல். அதில் வைரம் துளியும் இல்லை. பூஜைச் சாமான் விற்கும்போது சொல்கிற ‘ஜெர்மன் சில்வர்’ என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. அதில் வெள்ளியே கிடையாது.

படம் பிடிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். நகைக்கு விலை எங்கிருந்து வருகிறது? எடை, மாற்று என்கிற தங்கத்தின் தூய்மை, கல்லின் தரம். இந்த மூன்றையும் திரையில் காட்ட முடியாது. காட்ட முடிந்தது பளபளப்பு ஒன்றுதான், அதற்கு மதிப்பு எதுவும் இல்லை. ஒரு காரட் வட்ட வைரத்தின் குறுக்களவு சுமார் ஆறரை மில்லிமீட்டர், எடை 200 மில்லிகிராம். கேமராவைக் கிட்டக் கொண்டுபோய் அதை நம் வீட்டு டிவியில் உள்ளங்கை அளவுக்குக் காட்டுகிறார்கள். நாற்பது கிராம் ஆரமும் நாற்பது கிராம் போலத் தெரிகிற ஆரமும், டிவியில் அதைப் போட்டுக் காட்டுகிற பெண்ணின் கழுத்தில் ஒரே மாதிரிதான் விழும். கையில் வாங்கினால் தெரிந்துவிடும். ஒரே அளவில் செய்தால் 22 காரட் தங்கம் பித்தளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். நம் பாட்டிகள் கடையில் நகையை முதலில் கையில் தூக்கிப் பார்த்தது அதற்காகத்தான். டிவி அந்தக் கையை நம்மிடமிருந்து பிடுங்கிவிடுகிறது.

எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்டுடியோ விளக்கில் உண்மை வைரத்தை விட க்யூபிக் சிர்கோனியாதான் அதிகமாக வானவில் அடிக்கும். ஒளியை நிறங்களாகப் பிரிக்கிற தன்மை வைரத்துக்கு 0.044, இந்தக் கல்லுக்கு 0.060. அதனால் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நம் கண் போலியைத்தான் ‘ஆஹா, எவ்வளவு நல்ல வைரம்’ என்று தேர்ந்தெடுக்கும். கண்ணை நம்பி வாங்குகிறவரின் கண்ணே அவருக்கு எதிராக வேலை செய்கிறது.

அப்புறம் அந்தக் கோடு போட்ட விலை. 9,999 என்று எழுதி அடித்துவிட்டு 2,999 என்று போடுகிறார்கள். அந்த 9,999-ஐ எந்த அதிகாரியும் மதிப்பிட்டுச் சொல்லவில்லை. அட்டையில் விலை அச்சிடுவது பொருளைத் தயாரிக்கிறவரும் விற்கிறவரும்தான். டப்பாவுக்குள் வருகிற ‘உத்தரவாதச் சான்றிதழ்’ அட்டையும் அப்படியே. பெரியம்மாவின் ஒன்பது டப்பாவிலும் அந்த அட்டை இருந்தது. வாசித்துப் பார்த்தேன். நிறம் மங்காமல் இருப்பதற்கு ஆறு மாதம் உத்தரவாதம். உலோகம் என்ன, எடை எவ்வளவு, தங்கம் எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் இல்லை. ஆறு மாதத்தில் மங்கலாம் என்று அவர்களே எழுதிக்கொடுத்த பொருளை அவர் ஆறு வருடம் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

தங்க நகைக்கு இப்போது நல்ல காவல் இருக்கிறது. 2021 ஜூன் முதல் படிப்படியாக, மாவட்டம் மாவட்டமாக, தூய்மைக்குச் சான்றான ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கிற நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி என்ற தனி அடையாள எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 22K916 போன்ற தூய்மைக் குறி, இந்த ஆறு இலக்கம் என்று மூன்றும் நகையிலேயே பொறித்திருக்கும். பி.ஐ.எஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் விவரம் வரும். சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மையத்துக்கு நாமே எடுத்துப் போய்ச் சோதிக்கலாம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி நான்கு நகை வரை 200 ரூபாய். குறித்த மாற்று இல்லையென்றால், குறைந்த தங்கத்தின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் விற்றவர் நமக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, மூக்குத்தி வாங்கும்போது அதை ஞாபகம் வையுங்கள்.

முலாம் நகைக்கோ இந்தக் காவல் எதுவும் கிடையாது. தங்கம் என்று விற்றால்தானே ஹால்மார்க் கேட்க முடியும்? பெயரில் மட்டும் தங்கத்தை வைத்துக்கொண்டு, சட்டத்தின் முன் ‘இது ஃபேன்சி நகை’ என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ‘வெர்மெயில்’ என்ற பெயரில் ஒரு நகையை விற்க வேண்டுமென்றால் வெள்ளியின் மேல் குறைந்தது இரண்டரை மைக்ரான் தங்கம் இருக்க வேண்டும் என்று அங்குள்ள வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் இவ்வளவு கனம் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். நமக்கும் அதுபோல ஒன்று வேண்டும். டிவியில் முலாம் நகை விற்கிறவர்கள், நிகழ்ச்சி ஓடுகிற நேரம் முழுக்க, தமிழில், பெரிய எழுத்தில் ‘இது கவரிங், உள்ளே பித்தளை, தங்கம் இத்தனை மில்லிகிராம், அடகு வைக்க முடியாது’ என்று காட்ட வேண்டும். சிகரெட் அட்டையில் எச்சரிக்கை போடவைக்க முடிகிற நாட்டில் இது முடியாத காரியமா?

2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. ‘ஒன் கிராம் கோல்டு’ என்ற சொல்லே தவறாக வழிநடத்துகிறது என்பது என் திடமான கருத்து. விற்கிறவர்கள், அது எல்லாருக்கும் தெரிந்த வியாபாரப் பெயர் என்பார்கள். எல்லாருக்கும் தெரியாது. மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்களில் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் போன் செய்கிறார்கள், அதில்தான் அந்த வியாபாரம் ஓடுகிறது. நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பழைய பில் இரண்டுதான் கிடைத்தது. நீங்கள் வாங்கியிருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

பணக்கார வீட்டில் நகை அலங்காரமாக இருக்கலாம். எங்களைப் போன்ற வீடுகளில் அது ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், சாவுச் செலவு. பெண்ணின் பெயரில், பெண்ணின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிற ஒரே சொத்து பெரும்பாலும் அதுதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. இருபத்து நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனதை விட, ஆறு வருடம் அவர் தனக்கு ஒரு பவுன் இருக்கிறது என்ற தைரியத்தில் தூங்கியிருக்கிறார், அந்தத் தைரியம் ஒரு சொட்டு ஆசிடில் போய்விட்டது.

உங்கள் அம்மா, அத்தை, பெரியம்மா வீட்டுக்குப் போனால் பீரோவில் என்ன இருக்கிறது என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். திட்டாதீர்கள். கேலி செய்யாதீர்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பணத்தை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டோம். கட்டுப் பிரித்த மறுவாரம், மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு கிராம் தங்கக் காசு ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் வைத்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. புதுக் கண்ணால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீரோவைத் திறந்து அந்த ஆரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு கிராம்னா இம்புட்டுத்தானாத்தா?" என்று கேட்டார்.