ரசனை இல்லாதவன் எழுதுறது

போன சனிக்கிழமை ஒன்றுகூடலில என்ன நடந்தது எண்டு வந்தவைக்குத் தெரியும். பழைய லண்டன் ரயில் கோச்சிக் கதவுகள் படார் படார் எண்டு சாத்துற வீடியோவைப் போட்டு எல்லாரும் ஆகா ஓகோ எண்ண, "எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது" எண்டன். அவ்வளவுதான். "அண்ணைக்கு ரசனை இல்லை" எண்டார் ஒரு தம்பி. முழு ஹோலும் சிரிச்சுது.

சரி, ரசனை இல்லை. நான் ரசிக்கப் போகேல்ல, வேலைக்குப் போனனான்.

பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்லுறன். தெற்கு லண்டன் வண்டிகளில ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் ஒரு கதவு. தானாப் பூட்டாது, அடிச்சுத்தான் சாத்தவேணும். காலமை விக்டோரியா ஸ்டேசனுக்குள்ள வண்டி நிக்க முதலே கதவெல்லாம் திறபடும், சனம் ஓடுற வண்டியால குதிக்கும். பிளாட்போமில ஒதுங்கி நிக்காட்டிக் கதவு முகத்தில. "ஆனா ஒரு நிமிசத்தில வண்டி காலியாகிடும்" எண்டுவியள். ஓம், உண்மை. அதை விடுவம்.

சில பெட்டிகளில தனித்தனி அறைகள் இருந்தது. எதிரெதிரா ரெண்டு நீட்டு இருக்கை, ரெண்டு பக்கமும் கதவு, நடுவில நடக்க வழியில்லை. ஏறினா, அடுத்த ஸ்டேசன் மட்டும் கூட இருக்கிறவனோடதான். 1987 மாரிகாலம், இரவு பத்தரை. பல்ஹம் ஸ்டேசனில ரெண்டு பெடியள் ஏறினாங்கள். ஒருத்தன் சப்பாத்துக் காலை என்ர தொடையோட ஒட்டி இருக்கையில போட்டான். மற்றவன் என்ர பையைத் திறந்து, மூக்கைப் பொத்தி, அம்மான்ர பேர் வெட்டின சாப்பாட்டுப் பெட்டியை ஜன்னலால எறிஞ்சான். மேல அபாயச் சங்கிலி. வீணா இழுத்தா தண்டம் எண்ட அறிவித்தலை நாலுதரம் வாசிச்சன். இழுக்கேல்ல. ஸ்ட்ரெத்தம் கொமனில இறங்கி தோண்டன் ஹீத் மட்டும் நடந்தன்.

"அது ஆக்களின்ர பிழை, வண்டியின்ர பிழையோ?" எண்டு வருவியள். ஆக்களின்ர பிழைதான். தப்பி ஓட வழியில்லாமக் கட்டினது ஆற்ற பிழை? 88 மார்ச்சில விக்டோரியாவுக்கு வந்த வண்டியில, இப்பிடி ஒரு அறைக்குள்ளதான் ஒரு இளம்பெண்ணைக் குத்திக் கொன்றாங்கள். அந்த டிசம்பரில கிளப்பம் ஜங்ஷன் ஸ்டேசனுக்குக் கிட்ட ரயில்கள் மோதி 35 பேர் செத்தது சிக்னல் வயர் பிழையால, அதை நான் கதவில சுமத்தேல்ல. நியாயமாத்தான் கதைக்கிறன். "இனத்துவேசம் இப்பவும் இருக்கு" எண்டுவியள். இருக்கு. ஆனா இப்ப எழும்பி அடுத்த பெட்டிக்குப் போகலாம்.

தம்பி, லண்டனில அந்த வண்டிகள் 2005ஓட முடிஞ்சுது. நீங்கள் வந்தது 2009. எதைக் கேட்டு ரசிச்சியள்?

உங்களோட கோவமில்லை. சிரிச்சவையில நாலு பேர் என்னோட ஒரே அறையில படுத்து, ஒரே பெற்றோல் செட்டில நிண்டவை. அண்டைக்கு இரவு கதவைத் திறந்து, "என்னடா நனைஞ்சு போய் வாறாய், பெட்டி எங்க?" எண்டு கேட்டது அவையில ஒராள். அவரும்தான் சிரிச்சவர்.