ஹைபிரிட் வண்டியில் பிரேக் தனி, பேட்டரி தனி அன்று

கடந்த ஜூன் மாதம், டுரியான் பருவத்தில், பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் உள்ள என் மைத்துனர் வீட்டிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாயா தெருபோங்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் எங்கள் ஹைபிரிட் எஸ்யூவியின் பிரேக் மிதி கல்லாகிப் போனது. பிரேக் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு கால்களையும் ஊன்றி இருக்கையில் முதுகை அழுத்தி மிதித்தபோது வண்டி வேகம் குறைந்தது; ஆனால் வழக்கமாகப் பத்தடியில் நிற்கும் வண்டிக்கு அன்று ஒரு வளைவு முழுவதும் தேவைப்பட்டது. முன்பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக நான்கு விளக்குகள் எரிய, எச்சரிக்கை ஒலி நிற்காமல் அலறியது. "ஏங்க, மெதுவாப் போங்க" என்றார் மனைவி. நான் மெதுவாகப் போகத்தான் முயன்றுகொண்டிருந்தேன். ஒருவழியாகச் சாலையோர மண் திட்டில் வண்டியை ஒதுக்கியபின், இழுவை லாரிக்காக ஒன்றரை மணி நேரம் டுரியான் வாசத்தோடு காத்திருந்தோம்.

அது ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடி, ரீகண்ட் வண்டியாக, அதாவது புதுப்பித்து விற்கும் பழைய வண்டியாக, இங்கு வந்து, எனக்கு முன் இருவரிடம் இருந்த 2010ஆம் ஆண்டு வாகனம். தயாரிப்பாளர் பெயரையோ விற்றவர் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. எனக்கு அவர்களோடு வழக்கு இல்லை. பிரேக்கையும் பேட்டரியையும் தனித்தனியாகப் பார்க்கும், எல்லோரிடமும் இருக்கும் ஒரு பழக்கத்தோடுதான் வழக்கு.

உண்மையில் வண்டி எனக்கு இரண்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. இவ்வகை வண்டிகள் பலவற்றில், ஓட்டுநர் கதவைத் திறந்த உடனேயே பிரேக் பம்ப் விழித்துக்கொண்டு, சில விநாடிகள் 'உய்ங்' என்று ஓடி, அழுத்தத்தைச் சேர்த்து வைத்துவிட்டு அடங்கும். அந்தச் சத்தம் இயல்பானது. என் வண்டியிலோ, ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் அது கேட்கத் தொடங்கியிருந்தது. சாலை விளக்கில் நிற்கும்போது மிதியை நான்கு முறை அழுத்தினால் நான்கு முறை பம்ப் ஓடியது. பழைய வண்டி, முனகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அதே காலத்தில் மேடு ஏறும்போது என்ஜின் இரைச்சல் போட்டதே தவிர வண்டி நகர மறுத்தது. அதற்கு ஒரு பட்டறையில் கோளாற்றுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, எச்சரிக்கை விளக்கை அணைத்து, எண்பது ரிங்கிட் வாங்கிக்கொண்டார்கள். இது என்ஜின் பக்கத்துக் கோளாறு, அது பிரேக் பக்கத்துச் சத்தம் என்று நானும் இரண்டையும் தனித்தனிக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த போர்மன் (மெக்கானிக்) தம்பி ஒருவர் பின்னிருக்கையின் பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளையின் மூடியைக் கழற்றிக் காட்டியபோதுதான் அந்தக் கணக்குத் தப்பு என்று புரிந்தது. உள்ளே கம்பளம்போலத் தூசி படிந்திருந்தது; நாங்கள் பிள்ளைகளுக்காக விரித்திருந்த போர்வையின் நூல்களும் அதில் இருந்தன. உயர் அழுத்த பேட்டரி குளிர்வதற்கான காற்று அந்த வழியாகத்தான் போக வேண்டும். "அண்ணே, மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்?" என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். மேட்டில் மோட்டாருக்கு மின்சாரம் தர முடியாமல் தளர்ந்ததும் இந்த பேட்டரிதான். ஹைபிரிட் வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது முதலில் வேலை செய்வது பெரும்பாலும் பிரேக் கட்டை அன்று; மின்மோட்டார்தான் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரி நிறைந்துவிட்டாலோ அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டாலோ அது மேலும் மின்சாரத்தை வாங்காது. மூப்படைந்த பேட்டரியின் கொள்ளளவு குறைவு என்பதால், நீண்ட மலை இறக்கத்தில் அது மிக விரைவாக அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது சுமை முழுவதும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சாதாரண பிரேக்கின் மேல் விழுகிறது. அந்த அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் என்னும் கலத்தில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கும். வாயு கசிந்துவிட்டால் சேமிப்பு இல்லை. பம்ப் அடிக்கடி ஓடி ஈடுகட்டுகிறது. தொடர்ந்து மிதிக்கும் இறக்கத்தில் அதனாலும் முடியாமல் போகும்போது, காலின் பலம் மட்டுமே மிஞ்சுகிறது. எனக்கு நடந்தது அதுதான். நகரச் சாலையில் மோட்டார் மறைத்து வைத்திருந்த பிரேக் கோளாற்றை, பேட்டரி கைவிட்ட இடத்தில் மலை வெளியே இழுத்துப் போட்டது.

இதில் இன்னொரு விந்தை, அளவாகப் பயன்படும் பிரேக்கும் கெடும் என்பது. கட்டைகள் தேயவில்லை என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். பிரேக் கட்டைகளைப் பிடித்து அழுத்தும் பின்சக்கர காலிப்பரின் ஊசிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. கடற்காற்று வீசும் தீவில் அசையாத இரும்புக்கு வேறு கதியில்லை.

இவை அறியப்படாத கோளாறுகளும் அல்ல. 2013 ஜூனில் டொயோட்டா, இதே வகை அக்யுமுலேட்டரில் விரிசல் ஏற்பட்டு நைட்ரஜன் பிரேக் எண்ணெயில் கலக்கக்கூடும் என்று அறிவித்து, பிரியஸ், லெக்சஸ் எச்எஸ் 250எச் வண்டிகளில் உலகெங்கும் ஏறத்தாழ 242,000ஐத் திரும்ப அழைத்தது. 2011இல் அமெரிக்காவில் 2006, 2007 மாடல் ஹைலேண்டர் ஹைபிரிட், ஆர்எக்ஸ் 400எச் எஸ்யூவிகள் ஏறத்தாழ 82,000ஐ, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் கோளாற்றுக்காகத் திரும்ப அழைத்ததும் அதே நிறுவனம்தான். என் வண்டி இந்த மாடல்களில் எதுவும் அன்று. வெளிப்படையாக அறிவித்துச் சரிசெய்த நிறுவனத்தை நான் குறை சொல்லவும் இல்லை. அறிவிப்பு பெரும்பாலும் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குப் போகும். கப்பலேறி வந்து மூன்று கைமாறிய வண்டியின் நான்காவது உரிமையாளரைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்பதே என் கேள்வி.

நம் மலேசியாவில் 2011 முதல் 2013 இறுதி வரை, 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டிருந்தன. அன்று வாங்கியவை எல்லாம் இன்று பத்து வயதைத் தாண்டி, பழைய கார் சந்தையில் மலிவாக நிற்கின்றன. பெயர் மாற்றத்துக்கு முந்தைய பரிசோதனையில் உருளைகளின் மேல் ஏற்றிச் சக்கரங்களின் பிரேக் விசையை அளக்கிறார்கள். அது தேவையானதுதான். ஆனால் சில நிமிடம் ஓடும் அந்தச் சோதனையில் அக்யுமுலேட்டரின் கசிவோ பேட்டரியின் மூப்போ தெரியாது. ஹைபிரிட் வண்டி கைமாறும்போது, பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனித் தொகுதிகளின் வோல்ட் அளவும், பம்ப் எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது என்பதும், கோளாற்றுக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதும் ஒரு தாளில் எழுதி வாங்குபவர் கையில் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரை மணி நேர வேலை அது.

ஹைபிரிட்டே ஏமாற்று என்று வாட்ஸ்ஆப் குழுவில் எழுதும் நண்பர்களுக்கும் நான் உடன்படவில்லை. அழுத்தம் முழுவதும் போன பிறகும் என் கால்பலத்தை நேராக முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோன மாற்று வழி அந்த வடிவமைப்பில் இருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரேக் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் ஆக்சுவேட்டர் புதிதாக வாங்கினால் ஒன்பதாயிரம் ரிங்கிட் என்றார்கள். வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும், ஆனால் அதன் வயதும் என் வண்டியின் வயதுதான். புதியதையே போட்டேன். ஸ்கேனர் கொண்டு பிரேக் எண்ணெய்க் குழாய்களிலிருந்து காற்று எடுக்கவே ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. இப்போது கதவைத் திறந்ததும் ஒருமுறை 'உய்ங்' என்கிறது, அவ்வளவுதான். பேட்டரிக்கு இன்னும் பணம் சேரவில்லை. கெட்ட தொகுதியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டதற்கு, "ஆறு மாசத்துல பக்கத்துல உள்ளது போகும், அண்ணே" என்று தம்பி சொல்லிவிட்டார். பாலிக் புலாவுக்கு எந்த வழியில் போனாலும் மலை உண்டு என்பதால், அதுவரை மைத்துனரின் பழைய வேன்தான் வந்து எங்களை ஏற்றிச் செல்கிறது.