நிர்வாகப் பிரச்சினையாம்

சனிக்கிழமை நடந்த தொலைநிலைக் கல்விக் கருத்தரங்கைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே நான் எழுந்து பேசிய ஒரு நிமிட வீடியோ தில்லித் தமிழ் வாட்ஸப் குழுக்களையெல்லாம் சுற்றிவிட்டு என் மாமனாரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ஃபோன் போட்டு, "எதுக்கு மாப்பிள்ளை பெரிய மனுஷங்ககிட்ட வம்பு?" என்று கேட்டார். இனியும் எழுதாமல் இருந்தால் வம்பு செய்தவன் என்றே ஆகிவிடும்.

வம்பு செய்யவில்லை. கேள்வி கேட்டேன். தொலைநிலைக் கல்விக்கும் ஆன்லைன் கல்விக்கும் இனி வரப்போகும் ஆய்வு முன்னுரிமைகள் என்று திரையில் ஒரு பட்டியல் ஓடியது. செயற்கை நுண்ணறிவு, மாணவர்களின் தரவை அலசும் லேர்னிங் அனலிட்டிக்ஸ், மெய்நிகர் ஆய்வகம், மைக்ரோ கிரெடென்ஷியல் என்கிற குறும்படிப்புச் சான்றிதழ். பாதியில் விட்டுப்போனவர்கள் இதில் எந்த வரியில் வருகிறார்கள் என்று கேட்டேன். "அது நிர்வாகப் பிரச்சினை, ஆய்வுப் பிரச்சினை இல்லை" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. கூடவே, "நீங்கள் ஃபீல்டில் இருப்பவர், உங்கள் ஆதங்கம் புரிகிறது" என்று ஒரு தட்டிக்கொடுப்பு. அரங்கம் சிரித்தது. வீடியோ அந்தச் சிரிப்போடு முடிகிறது. அதற்கப்புறம் நான் சொன்னதை யாரும் பதிவு செய்யவில்லை, இல்லையென்றால் வெட்டிவிட்டார்கள். அதனால் இங்கே.

நான் சொன்னது ஒன்றுதான். விட்டுப்போனவர் ஏன் விட்டுப்போனார் என்பதுதான் இந்தத் துறையின் முதல் ஆய்வுக் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் கவுன்சிலர் ஒருவரின் புலம்பல் என்று இதைத் தள்ளுபவர்களுக்காக, அவர்கள் மதிக்கும் பாஷையிலேயே பேசுகிறேன். ஓலாஃப் ஸவாக்கி-ரிக்டர் என்று ஒரு ஜெர்மானியப் பேராசிரியர். வல்லுநர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்கும் டெல்ஃபி முறையில், இந்தத் துறையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று 2009-ல் 15 பகுதிகளாக வகுத்தார். மேல்மட்டத்தில் 5, கல்வி வாய்ப்பும் சமத்துவமும் அங்கே வருகின்றன. நடுமட்டத்தில் 7, செலவு, தரம், தொழில்நுட்பம், மாணவர் ஆதரவுச் சேவை எல்லாம் அங்கே. கடைசியில் 3: பாட வடிவமைப்பு, கற்பவர்களுக்கு இடையிலான உரையாடல், கற்பவரின் இயல்புகள். அந்த நடுமட்ட ஏழில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? நிர்வாகமும் அமைப்பும். நிர்வாகமே ஓர் ஆய்வுப் பகுதி ஐயா. துறையின் பட்டியலைக் காட்டிப் பேசுபவர்கள் அந்தப் பட்டியலை ஒரு தடவை படித்துவிட்டு வந்திருக்கலாம்.

அதே ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் இன்னொரு வேலை செய்தார்கள். 2000 முதல் 2008 வரை ஐந்து முக்கிய ஆய்விதழ்களில் வந்த 695 கட்டுரைகளை எடுத்து, எது எந்தப் பகுதியில் விழுகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் அந்தக் கடைசி மூன்றிலேயே விழுந்தன. மீதிப் பாதிக்கும் குறைவானதை 12 பகுதிகள் பங்கு போட்டுக்கொண்டன. 80 சதவீதத்துக்கு மேலான கட்டுரைகள் ஐந்தே நாடுகளிலிருந்து வந்தவை. ஆக, இப்படித்தான் நடக்கிறது என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னால் ஆதங்கம்.

ஏன் அந்த மூன்றில் போய்க் குவிகிறது? என் கணிப்பு எளிமையானது. படித்துக்கொண்டிருப்பவர் கையில் கிடைக்கிறார். லாகின் செய்கிறார், வீடியோ பார்க்கிறார், சர்வே நிரப்புகிறார். விட்டுப்போனவர் எதையும் நிரப்புவதில்லை. கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களிடம் விசாரித்து, வராத பங்காளிக்கு என்ன கோபம் என்று கண்டுபிடிக்கிற கதை.

மதராஸி கேம்ப் ஞாபகம் இருக்கும். தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரம், தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி. நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் தில்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் ஃபிளாட். நம்மில் சிலர் போய் நின்றோம், சாமான் தூக்கினோம், அப்புறம் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். அங்கிருந்து என் வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு நிஜாமுதீன் பக்கம் வீட்டு வேலை. அசைன்மென்டை இந்தியில் எழுதுவாள், சந்தேகத்தை மட்டும் வகுப்பு முடிந்ததும் தமிழில் வந்து கேட்பாள். நரேலா போன பிறகு வரவே இல்லை. ஃபோன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

பிறகு அவளுடைய அம்மாவை ஜங்புராவிலேயே பார்த்தேன். வேலை இங்கேதானே, அவர் இன்னும் நரேலாவிலிருந்து வந்து போகிறார். சிம் அண்ணன் பெயரில் இருந்ததாம். அண்ணன் ஃபரீதாபாத்துக்கு வேலைக்குப் போனபோது ஃபோனையும் கொண்டுபோய்விட்டான். ரீசார்ஜ் செய்யாமல் எண் செத்துப்போனது. மறுபதிவுக்கான ஓடிபி செத்துப்போன எண்ணுக்குப் போகிறது. எண்ணை மாற்ற நேரில் வர வேண்டும், அதுவும் வேலை நாளில். நரேலாவிலிருந்து பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அன்றைய கூலி கிடையாது. கடைசித் தேதி தாண்டியது. இப்போது பவானாவில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள்.

பதிவேட்டில் அவள் செயலில் இல்லாத மாணவி. யாராவது ஆய்வுக்கு எடுத்தால் ஊக்கக்குறைவு என்ற கட்டத்தில் ஒரு புள்ளியாக விழுவாள். ஊக்கக்குறைவாம். வீட்டை இடித்த மாதத்தில்கூட அசைன்மென்ட் கொடுத்த பெண்.

மைக்கேல் மூர் என்ற பெயரை இந்தத் துறையில் யாரும் தாண்டிப் போக முடியாது. தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கல்ல; ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே எவ்வளவு உரையாடல் இருக்கிறது, பாடம் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். அருமையான கருத்து, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நரேலாவில் கிலோமீட்டரும் தொலைவுதான். இதை யாராவது ஆராய்ந்து எழுதினால் மூரே சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்களா என்பதுதான் சந்தேகம்.

சரி, இப்போது கமென்டில் என்ன வரும் என்று தெரியும். முதலில், "இவர் ஏஐ-க்கு எதிரி." இல்லை. கேள்வித்தாள் தயாரிக்க நானே பயன்படுத்துகிறேன். உயர்கல்வியில் ஏஐ பற்றி வந்த 146 ஆய்வுகளை 2019-ல் தொகுத்துப் பார்த்ததும் அதே ஸவாக்கி-ரிக்டர் குழுதான். இதில் ஆசிரியர்கள் எங்கே என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்கள். மாணவர்கள் எங்கே என்று நான் கேட்டால் சிரிப்பு.

அடுத்து, "சேருகிற எல்லோரும் முடிக்கத்தான் சேருகிறார்களா? பாதியில் விடுவது தோல்வி இல்லை." இதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் இணையத்தில் நடத்திய திறந்த பாடங்களில் 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம் என்று ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. இலவசம், எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். அவர்களை இடைநின்றவர்கள் என்று சொல்வது நியாயமில்லைதான். ஆனால் ஃபீஸ் கட்டியவர்? அம்மாவின் சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டியவர் எட்டிப் பார்க்கவா வந்தார்? இரண்டையும் ஒரே தட்டில் போட்டு, "உலகம் முழுக்க இப்படித்தான்" என்று தப்பிப்பதைத்தான் சொல்கிறேன்.

"விட்டுப்போனவர்களை எங்கே போய்த் தேடுவது?" கஷ்டம்தான். முகவரி மாறியிருக்கும், எண் மாறியிருக்கும், கிடைப்பவர்களும் பேச விரும்ப மாட்டார்கள். பேச வருகிறவர்கள் பேசாதவர்களுக்குப் பிரதிநிதியா என்ற சிக்கல் வேறு. ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தானே ஆய்வுமுறை என்று ஒரு தாள் வைத்து எல்லோருக்கும் பரீட்சை நடத்துகிறீர்கள்?

"ஃபண்ட் அதற்குத்தான் கிடைக்கிறது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இதையாவது மேடையில் நேராகச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

என் அப்பா கரஸில், அதாவது அஞ்சல் வழியில், பி.காம். படித்தவர். எழுபதுகளில் எல்டிசியாக, அதாவது கீழ்நிலை கிளார்க்காக, தில்லி வந்து, நேதாஜி நகர் குவார்ட்டர்ஸில் நான்கு பேரோடு தங்கிப் படித்தார். இந்தியாவில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பு முதலில் ஆரம்பித்ததே இந்த ஊரில்தான். தில்லிப் பல்கலைக்கழகம், 1962. பட்டம் இருந்தால் பிரமோஷனுக்கு வழி என்று சேர்ந்தவர், தாத்தா இறந்து ஊருக்குப் போனதில் ரெஸ்பான்ஸ் ஷீட் என்ற பயிற்சி விடைத்தாளை அனுப்புவதை நிறுத்திவிட்டார். அப்படியே விட்டிருப்பார். ஒரு போஸ்ட்கார்டு வந்தது. விடைத்தாள் திருத்துகிறவர் எழுதியது: உங்களுடையது வரவில்லை, உடம்பு சரியில்லையா, தாமதமானாலும் அனுப்புங்கள். அவ்வளவுதான். அப்பா முடித்தார், செக்‌ஷன் ஆபீசராக ரிடையர் ஆனார். அந்தத் திருத்துநரை அவர் பார்த்ததே இல்லை.

செண்டிமென்ட் என்பீர்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆர்மண்ட் சிம்ப்சன் என்பவர் இதையே ஆய்வாகச் செய்தார். மாணவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நாமே முன்கூட்டி ஒரு ஃபோன் போட்டால் தொடர்பவர்கள் கூடுகிறார்கள் என்று எண்ணிக் காட்டினார். யார் ஃபோன் போட்டார்கள், எப்போது, என்ன கேட்டார்கள்: அதெல்லாம் நிர்வாகம்தான். ஆய்வும்தான். நான் வேறு என்ன கேட்டேன்?

அந்த "ஃபீல்டு" என்ற சொல்தான் இன்னும் உறுத்துகிறது. எங்களுக்கு அன்று ஒதுக்கியது சாப்பாட்டுக்கு அப்புறம், பாதி அரங்கம் காலியான நேரத்தில், அனுபவப் பகிர்வு. பேராசிரியர்கள் பேசினால் கட்டுரை, நாங்கள் பேசினால் அனுபவம். வகுப்புக்கு இவ்வளவு என்று எங்களுக்குத் தரும் தொகையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள், எழுதவில்லை. இந்தியில் பரீட்சை எழுதும் மாணவர்களைப் பற்றி நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருடைய பிள்ளையாவது திறந்தநிலையில் படிக்கிறதா? கேட்கக் கூடாத கேள்வி என்று தெரியும். அன்று கேட்கவில்லை, இங்கே கேட்கிறேன். தொலைநிலைப் பட்டமும் வழக்கமான பட்டமும் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. இன்றும் குருகிராமில் இன்டர்வியூவுக்குப் போகும் என் மாணவனிடம் முதலில் கேட்பது, "ரெகுலரா, கரஸா?" சமம் என்பவர்கள் அறிவிப்போடு நின்றுவிட்டார்கள். அந்த எச்ஆர் என்ன நினைக்கிறார் என்று ஆராயவும் அன்று திரையில் ஓடிய பட்டியலில் இடமில்லை. மெய்நிகர் ஆய்வகத்துக்கு இருக்கிறது.

மாமனாருக்கும் இதைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி மாப்பிள்ளை, ஆனா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்களே" என்றார். கூப்பிட வேண்டாம்.

நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். தில்லியில், நொய்டாவில், குருகிராமில் கரஸில் சேர்ந்து பாதியில் விட்டவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸ். எந்த ஆண்டு, என்ன படிப்பு, எந்தக் கட்டத்தில், எதனால். ஓடிபி, புத்தகம் வராதது, பிரசவம், ஷிஃப்ட் மாறியது, பரீட்சை மையம் ஊருக்கு அந்தப் பக்கம் விழுந்தது, எதுவானாலும். ஊக்கக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அதை அவர்கள் ஏற்கெனவே உங்கள் சார்பில் எழுதிவிட்டார்கள்.