நாற்காலிக்குச் சங்கிலி போடாதீர்கள்

நான் படித்த கல்லூரியிலிருந்து போன வாரம் ஒரு படிவம் வந்தது. புதிதாக மாணவர் மையம் கட்டப் போகிறார்களாம், பழைய மாணவர்கள் யோசனை சொல்ல வேண்டுமாம். கூடவே வரைபடம். ஏசி அரங்கம், விஐபி அறை, முகப்பில் நீரூற்று. மாணவர்கள் சும்மா உட்கார இடம் எங்கே என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

எங்கள் காலத்திலும் ஒரு மாணவர் மையம் இருந்தது. சாவி ஆபீசில் தொங்கும். திறக்க ஹெச்.ஓ.டி. கையெழுத்து, அப்புறம் பிரின்சிபால் கையெழுத்து. உள்ளே வலை இல்லாத டேபிள் டென்னிஸ் மேசை, பாலித்தீன் உறை பிரிக்காத நாற்காலிகள். வருடத்தில் இரண்டு தடவை திறப்பார்கள்: கல்லூரி நாளுக்கு, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும் நாளுக்கு. ரெஜிஸ்டரில் மட்டும் வாராவாரம் நிகழ்ச்சி நடந்திருக்கும்! நாங்கள் நான்கு வருடமும் உட்கார்ந்தது கேன்டீனுக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில்.

பிறகு மேற்படிப்புக்கு அமெரிக்காவில் மேடிசனுக்குப் போனேன், விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கே யூனியன் என்று சொன்னால் கொடியும் கோஷமும் யாருக்கும் நினைவுக்கு வராது, கட்டடம்தான் வரும். மெண்டோட்டா ஏரிக்கரையில் 1928இல் திறந்த மெமோரியல் யூனியன், அதுதான் அவர்கள் மாணவர் மையம். பின்பக்கம் ஏரியைப் பார்த்தபடி பெரிய திறந்தவெளி, டெரஸ் என்பார்கள். சூரியன் விரிந்தது போல முதுகு வைத்த இரும்பு நாற்காலிகள், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில். கனமானவை. தூக்கினால் தரையில் கிறீச்சிடும். எட்டுப் பேர் வந்தால் எட்டையும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். எதுவும் வாங்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், முதல் நாள். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

வருடம் முழுக்க அந்த இடம் ஓயாது. வெயில் காலத்தில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டால் ஊர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து, பல்கலைக்கழகமே தயாரிக்கும் ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள். பனிக்காலத்தில் நாற்காலிகள் உள்ளே போய்விடும், ஏரி உறைந்து ஜனங்கள் அதன் மேலேயே நடப்பார்கள். அப்போது கூட்டம் ராட்ஸ்கெல்லருக்கு மாறும். ஜெர்மன் பாணியில் சுவரெல்லாம் சித்திரம் வரைந்த கூடம். 1933இலிருந்தே அங்கே பீர் உண்டு. (பதறாதீர்கள், நம் ஊருக்கு டீயும் பஜ்ஜியும் போதும்.) 1931இல் தொடங்கிய ஹூஃபர்ஸ் கிளப்பில் சேர்ந்தால் பாய்மரப் படகு ஓட்டலாம். 1939இல் நாடக அரங்கும் வந்தது. நான் அதற்குள் போனது இரண்டு தடவைதான்; நாற்காலியில் கழித்த நேரத்துக்குக் கணக்கில்லை. எந்த ஆண்டறிக்கையும் இந்தக் கணக்கை எடுக்காது என்பதுதான் என் குறை. ஹால் புக்கிங்கை எண்ணலாம், சும்மா உட்கார்ந்திருப்பதை எப்படி எண்ணுவது?

யூனியனை ஆளும் குழுவில் மாணவர்களுக்குத்தான் பெரும்பான்மை. இன்னொரு கிளையான யூனியன் சவுத்தை இடித்துக் கட்ட, தங்கள் கட்டணத்தைக் கூட்டிக்கொள்ள 2006இல் மாணவர்களே ஓட்டுப் போட்டார்கள். கட்டடம் திறந்தது 2011இல். ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேராவது அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

சொர்க்கம் என்று சொல்லவில்லை. அதே ராட்ஸ்கெல்லரில் 1940களின் தொடக்கம் வரை பெண்களுக்கு இடமில்லை. இதைப் படித்தபோது எங்கள் லேடீஸ் ஹாஸ்டல்தான் ஞாபகம் வந்தது. ஆறு மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள், அவுட்பாஸ் இல்லாமல் வார்டன் விடமாட்டார். மையத்தை இரவு ஒன்பது வரை திறந்துவைத்தாலும் அது பையன்கள் மையமாகத்தான் இருக்கும்.

ஆக, யோசனைப் பகுதியில் இரண்டே வரி எழுதி அனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுக்கொள்ளும்படி இருநூறு நாற்காலிகள். மையம் மூடும்வரை லேடீஸ் ஹாஸ்டல் கேட்டும் திறந்திருக்க வேண்டும்.

நேற்று கமிட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார், நல்ல மனிதர். இரண்டாவது வரியைப் பற்றிப் பேசவே இல்லை. "நாற்காலிய தூக்கிட்டுப் போயிருவாங்களே சார், சங்கிலி போட்டுடலாமா?" என்றார். மேடிசனிலும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றேன். எது தூக்கிக்கொண்டு போனது என்று தெரிவதற்காகவே யூனியன் கடையில் விற்கும் நாற்காலிகளுக்கு வேறு நிறம் அடிக்கிறார்கள், சங்கிலி மட்டும் போடவில்லை.

"சரி சார், மீட்டிங்ல வைக்கிறேன்" என்றார். நீரூற்றுக்கு டெண்டர் விட்டாயிற்றாம்.