எல்லை வேறு என்றாலும் புகாரை வாங்க வேண்டும்

"ரோந்து வண்டி நம்ம ஸ்டேஷன் எல்லைக்குள் மட்டும்தான். சம்பவம் பக்கத்து எல்லையில் என்றால் இந்த ஸ்டேஷனில் புகார் எடுக்க மாட்டார்கள், சட்டமே அப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி பெரும்பாலும் சரி: ரோந்துப் பணி எல்லை பிரித்துத்தான் ஒதுக்கப்படுகிறது. ஆனால் புகாருக்கு அந்த எல்லை பொருந்தாது.

1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(1) பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் ஸ்டேஷனில் தகவல் தரலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) என்பது இதுதான். வழக்கைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது புகாரை வாங்கும் போலீசாரின் வேலை. செயின் பறிகொடுத்து நடுங்கி நிற்பவரை இன்னொரு ஸ்டேஷனுக்கு அலைய விடக் கூடாது.

என் பேச்சை நம்ப வேண்டாம். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்டத்தைத் திறந்து 173ஐ மட்டும் படியுங்கள், ஒரு பக்கம்தான். அதன் 4ஆம் உட்பிரிவையும் விடாதீர்கள்: பதிய மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.