ஜூனில் காணவில்லை என்றால் அழிந்துவிட்டதா?

அண்ணா, ஜூனில் நுவரெலியா விக்டோரியா பூங்காவைச் சுற்றிவிட்டு "காஷ்மீர் ஈப்பிடிப்பான் இங்கே அழிந்துபோச்சு" என்று போட்டிருக்கிறீங்க. அது குளிர்காலத்துக்கு மட்டும் வரும் குருவி. ஒக்டோபர் வாக்கில் வரும், மார்ச் கடைசியில் கிளம்பிடும். ஜூனில் வடமேற்கு இமயமலைக் காடுகளில் மரப்பொந்தில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். அதே பூங்காவுக்கு வரும் ஆறுமணிக்குருவியும் வலசைதான். உலக அளவில் ஈப்பிடிப்பான் ஆபத்தில் இருக்கிற இனம், அது சரி. ஆனால் ஜூன் பதிவு அதற்குச் சாட்சியாகாது.

ஜனவரியில் காலையில் போய்ப் பாருங்க. ஆண் என்றால் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை. ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதிகிற இணையதளம்) ஏற்றும்போது பார்த்த நாளின் திகதியையே போடுங்க (பழைய படத்தை இன்றைய திகதியில் ஏற்றுகிற ஆட்களும் இருக்கிறாங்க!).